இதய ஸ்கேன்: காபி, கறி, பூட்டிய வீடு

‘இதயத்துக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எதற்கு? முதல் நாள் என்ன சாப்பிடலாம்?’ காரைக்குடி வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களைப் பிரித்தால் பெரும்பாலும் இதுதான். இதய நோய், அணு மருத்துவம், கதிரியக்கவியல் ஆகிய துறைகளின் மருத்துவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். இங்கே சொல்லியிருப்பது பொது வழக்கம். எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை மட்டும் உங்கள் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்யுங்கள்.

என் அப்பத்தாவுக்கு 71 வயது. நடந்தால் நெஞ்சு அடைக்கிறது. முழங்கால் தேய்மானம், ட்ரெட்மில்லில் ஏற முடியாது. அதனால் மருந்து ஏற்றித் ‘தாலியம் ஸ்கேன்’ எடுக்க மதுரைக்கு வரச் சொன்னார்கள். 24 மணி நேரம் காபி, டீ கூடாதாம். காலையில் காபி இல்லாவிட்டால் அப்பத்தாவுக்குத் தலைவலி வந்துவிடும். அரை டம்ளர் கொடுத்தால் என்ன?
– வாசகர், காரைக்குடி

கொடுக்காதீர்கள். அந்த அரை டம்ளர் பரிசோதனையையே பொய்யாக்கிவிடும். பொய்யானது படத்தைப் பார்த்தால் தெரியவும் தெரியாது.

பெயர்தான் தாலியம், இன்று பெரும்பாலும் ஏற்றுவது டெக்னீஷியம் 99எம் கலந்த செஸ்டமிபி அல்லது டெட்ரோஃபோஸ்மின். ஊசி வழியாக ரத்தத்தில் போனதும், ரத்தம் எங்கே எவ்வளவு பாய்கிறதோ அந்த அளவுக்கு இதயத் தசையில் போய் ஒட்டிக்கொள்ளும். ஓய்வில் ஒரு படம், இதயத்துக்கு வேலை கொடுத்து ஒரு படம். ஓய்வில் நன்றாக இருந்து, வேலையின்போது மட்டும் ஓர் இடம் மங்கினால் அங்கே ரத்தம் பற்றவில்லை என்று பொருள். இரண்டிலும் மங்கலாக இருந்தால் பழைய தழும்பாக இருக்கலாம்.

ஓட முடியாதவர்களுக்கு அடினோசின் போன்ற மருந்தால் ரத்தக் குழாய்களை விரிக்கிறார்கள். அளவு, எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 140 மைக்ரோகிராம். அப்பத்தா 60 கிலோ என்றால் நிமிடத்துக்கு 8.4 மில்லிகிராம், ஆறு நிமிடம் ஏற்றினால் சுமார் 50 மில்லிகிராம். நல்ல குழாய் விரியும், அடைப்புள்ள குழாய் விரியாது. அந்த வித்தியாசம்தான் படத்தில் தெரிகிறது. அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் காபியில் இருக்கும் கஃபீன் முந்திப் போய் உட்கார்ந்துவிடும். எந்தக் குழாயும் சரியாக விரியாது. வித்தியாசம் இல்லை, ஆகவே ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் வரும். அடைப்போடு வீடு திரும்புவார்.

குறைந்தது 12 மணி நேரம் என்பது விதி. பல இடங்களில் பத்திரத்துக்கு 24 என்கிறார்கள். நீங்கள் போகும் இடத்தில் சொன்னதையே பின்பற்றுங்கள். டீ, கோலா, சாக்லேட், ‘கஃபீன் நீக்கிய’ காபி எல்லாம் இதில் சேர்த்தி. அந்தக் காபியிலும் கொஞ்சம் கஃபீன் இருக்கும். தலைவலிக்கென்று கடையில் வாங்கும் சாரிடான் மாத்திரையிலும் கஃபீன் உண்டு. காபி இல்லாமல் தலைவலி வந்து அதற்குச் சாரிடான் போட்டால் கதை முடிந்தது. வெறும் பாராசிட்டமால் போடலாம். இளைப்புக்கு டெரிபிலின் சாப்பிடுகிறவர் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். அதில் இருக்கும் தியோபிலினும் இதே வேலையைச் செய்யும். ஆஸ்துமா இழுப்பு நன்றாகவே இருக்கிறவர்களுக்கு அடினோசின் ஆகாது, டோபுட்டமின் என்ற வேறு மருந்துக்கு மாற்றுவார்கள்.

மருந்து ஏறும்போது முகம் சூடாகும், நெஞ்சு இறுகும், மூச்சு வாங்குவதுபோல் இருக்கும். ‘அட்டாக் வந்துவிட்டது’ என்று பயந்துவிடுவார்கள். அடினோசின் ரத்தத்தில் தங்கும் நேரம் சில நொடிகள்தான். நிறுத்திய ஒன்றிரண்டு நிமிடத்தில் சரியாகும். இதை முதலிலேயே அப்பத்தாவிடம் சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடும்.

செஸ்டமிபி கல்லீரல், பித்தப்பை வழியாகக் குடலுக்கு இறங்கும். இதயத்தின் அடிப்பகுதி குடலுக்குப் பக்கத்தில் இருப்பதால், குடலின் வெளிச்சம் படத்தைக் கெடுக்கும். அதற்காக ஊசிக்குப் பிறகு 30 முதல் 60 நிமிடம் காக்க வைப்பார்கள். பல இடங்களில் பால் அல்லது கொழுப்புள்ள ஏதாவது சாப்பிட்டுத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். அந்த இடைவெளியில் பிளாஸ்க்கைத் திறந்துவிடாதீர்கள். மருந்து ஏற்றும் பகுதி முடிந்ததா என்று கேட்டுவிட்டு, அதன் பிறகு காபியை ஊற்றிக் கொடுங்கள். படம் எடுக்கும்போது இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் அசையாமல் படுக்க வேண்டும். தோள்பட்டை வலி இருந்தால் முன்பே சொன்னால் தலையணை வைப்பார்கள். நடுவில் அசைந்தால் இல்லாத குறை படத்தில் முளைக்கும்.

கணவருக்கு 58 வயது, 15 வருடமாகச் சர்க்கரை. போன வருடம் அட்டாக். எக்கோவில் பம்பிங் (ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 30 சதவீதம், மூன்று குழாயிலும் அடைப்பு. பைபாஸ் செய்யலாமா என்று பார்க்க ‘பெட் ஸ்கேன் எடுத்துத் தசை உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்போம்’ என்கிறார்கள். பெட் ஸ்கேன் புற்றுநோய்க்கு எடுப்பது இல்லையா?
– வாசகி, தேவகோட்டை

இயந்திரமும் அதே, மருந்தும் அதே எஃப்.டி.ஜி.தான், கேட்கிற கேள்வி வேறு.

நம் பக்கத்துப் பெரிய வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பைப் பார்த்தால் எல்லா வீடும் ஒரே மாதிரி. பூட்டிக் கிடக்கிறதா, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று தெருவில் நின்று சொல்ல முடியாது. பின்கட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். எக்கோ காட்டுவது முகப்பு: இந்தச் சுவர் அசையவில்லை, அவ்வளவுதான். பல வருடம் ரத்தம் குறைந்தே வந்தால் தசை வேலையை நிறுத்திவிட்டு உயிரை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். உறங்கும் தசை என்கிறோம். வழக்கமாகக் கொழுப்பை எரிக்கும் இதயத் தசை, அந்த நிலையில் சர்க்கரைக்கு மாறிவிடும். எஃப்.டி.ஜி. என்பது ஃப்ளோரின் 18 ஒட்டிய சர்க்கரை. ரத்த ஓட்டப் படத்தில் மங்கலாகவும் சர்க்கரைப் படத்தில் பளிச்சென்றும் ஓர் இடம் இருந்தால் அங்கே அடுப்பு எரிகிறது. இரண்டிலும் மங்கல் என்றால் தழும்பு.

உங்கள் கணவருக்குச் சிக்கல் வரக்கூடிய இடம் சர்க்கரை நோய்தான். தசைக்குள் சர்க்கரை நுழைய இன்சுலின் வேண்டும். அது போதாவிட்டால் உயிருள்ள தசையும் இருட்டாகவே விழும். ‘எல்லாம் தழும்பு’ என்று தப்பாகத் தீர்ப்பாகிவிடும். அதனால் ஆறு மணி நேரம் வெறும் வயிறு, பிறகு குளுக்கோஸ் தண்ணீர் (பலருக்கு 50 கிராம் அளவு, சர்க்கரை ஏற்கெனவே கூடுதலாக இருந்தால் குறைப்பார்கள்), பிறகு ரத்தச் சர்க்கரையைத் திரும்பத் திரும்பப் பார்த்து நரம்பில் கொஞ்சம் கொஞ்சமாக இன்சுலின். 100-140 பக்கம் இறங்கிய பிறகே எஃப்.டி.ஜி. ஊசி. அதன் பின் ஒரு மணி நேரம், சர்க்கரைக்காரர்களுக்கு ஒன்றரை மணி நேரம்கூட, கழித்துப் படம். ஆக, காலையில் போனால் மாலை ஆகும். இன்சுலின் போட்ட நாள் என்பதால் ஸ்கேன் முடிந்ததும் உடனே பஸ் ஏறாமல், சாப்பிட்டு, சர்க்கரையை இன்னொரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேருவதும் முக்கியம். ஃப்ளோரின் 18 ஒவ்வொரு 110 நிமிடத்துக்கும் பாதியாகிக்கொண்டே இருக்கும். சைக்ளோட்ரான் என்ற பெரிய இயந்திரத்தில் செய்து வண்டியில் வரும் மருந்து அது. இரண்டு மணி நேரம் தாமதமாகப் போனால் உங்களுக்கென்று வைத்திருந்ததில் பாதிகூட மிஞ்சாது.

பெட் இல்லாத இடத்தில் எம்.ஆர்.ஐ.யும் இதற்கு நன்றாகவே பதில் சொல்லும். கடோலினியம் என்ற சாய மருந்தை ஏற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து எடுத்தால் தழும்பு வெள்ளையாக நிற்கும். சுவரின் தடிமனில் பாதிக்கு மேல் வெள்ளை என்றால், ரத்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தாலும் அந்த இடம் திரும்ப இயங்க வாய்ப்புக் குறைவு.

இனி, மருத்துவர்கள் பலர் நோயாளியிடம் விளக்காமல் விடும் ஒன்று. ‘உயிர் இருக்கிறது, ஆகவே பைபாஸ்; இல்லை, ஆகவே வேண்டாம்’ என்ற கணக்கு அவ்வளவு நேரானதல்ல. பம்பிங் 35 சதவீதமோ அதற்குக் குறைவோ உள்ள 1,212 பேரிடம் நடந்த ஸ்டிச் ஆய்வில், பத்து வருட முடிவில் பைபாஸ் செய்துகொண்டவர்களில் 58.9 சதவீதமும், மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 66.1 சதவீதமும் இறந்திருந்தார்கள். பைபாஸ் உதவியது. ஆனால் அதில் உயிர்த்தன்மைப் பரிசோதனை செய்த 601 பேரைத் தனியாகப் பார்த்தபோது, யாருக்கு பைபாஸ் கூடுதலாக உதவும் என்பதைப் பரிசோதனையால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 2022-ல் வந்த ரிவைவ்ட் ஆய்வில் 700 பேர். எல்லாருக்கும் உயிருள்ள தசை இருந்தது. பைபாஸுக்குப் பதில் ஸ்டென்ட் வைத்தார்கள். இறப்பிலும், இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்வதிலும் மருந்து மட்டும் எடுத்தவர்களோடு ஒப்பிட வித்தியாசம் இல்லை. எங்கள் கருத்து: மூன்று குழாய் அடைப்பு, சர்க்கரை, 58 வயது என்றால் பைபாஸின் பக்கம் ஏற்கெனவே பலமான காரணங்கள் இருக்கின்றன. ஸ்கேனுக்குப் போகும் முன், ‘முடிவு இப்படி வந்தால் என்ன செய்வீர்கள், அப்படி வந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று அறுவை மருத்துவரிடமே கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் அந்த ஸ்கேனுக்கு அவசியம் குறைவு.

எனக்கும் அதே எஃப்.டி.ஜி. பெட் ஸ்கேன்தான், ஆனால் இதயத்தில் சார்க்காய்டோசிஸ் (உறுப்புகளில் அழற்சித் திட்டுகள் உண்டாகும் நோய்) என்று சந்தேகம். முதல் நாள் சோறு, இட்லி, பழம், பால் எதுவும் கூடாது, கறியும் முட்டையும் மட்டும் சாப்பிடு என்கிறார்கள். இது என்ன வைத்தியம்?
– வாசகர், கானாடுகாத்தான்

மேலே தேவகோட்டை வாசகிக்குச் சொன்னதை அப்படியே தலைகீழாகத் திருப்பிக்கொள்ளுங்கள். அங்கே இதயத் தசை சர்க்கரையைக் குடிக்க வேண்டும். இங்கே குடிக்கவே கூடாது. சார்க்காய்டோசிஸில் தேடுவது அழற்சி. வீங்கிய இடத்தில் குவிந்திருக்கும் அணுக்கள் எந்த நேரமும் சர்க்கரையை இழுக்கும். சுற்றியிருக்கும் நல்ல தசையும் சர்க்கரையை இழுத்தால் இதயம் முழுக்கப் பளீரென்று எரியும். அதற்குள் நோய் எது, தசை எது என்று பிரிக்க முடியாது. நல்ல தசையைக் கொழுப்பின் பக்கம் திருப்பிவிட்டால் அது இருண்டுவிடும், நோயுள்ள திட்டு மட்டும் தனியாக மின்னும்.

அதற்காகக் குறைந்தது இரண்டு வேளை மாவுச்சத்தே இல்லாத, கொழுப்பு நிறைந்த சாப்பாடு. அதன் பிறகு இரவு முழுக்கப் பட்டினி, தண்ணீர் மட்டும். பல மையங்களில் 12 மணி நேரமோ அதற்கு மேலுமோ பட்டினி கேட்பார்கள். செட்டிநாட்டுக்காரருக்கு இதில் கொஞ்சம் ஆறுதல் உண்டு: உப்புக்கறி கிட்டத்தட்ட இதற்கென்றே செய்ததுபோல. கறி, நல்லெண்ணெய், உப்பு, வரமிளகாய், பூண்டு இரண்டு பல். ஆனால் வழக்கமாகக் கை நிறைய அள்ளிப் போடும் சின்ன வெங்காயத்தை அன்றைக்கு விட்டுவிடுங்கள். அதில் சர்க்கரை உண்டு. தேங்காய், கசகசா அரைத்த குழம்பு வேண்டாம். உருளைக்கிழங்கு போடவே கூடாது. நெய்யில் பொரித்த முட்டை சரி. கடையில் வாங்கிய பொரித்த கோழி கூடாது, மேலே சோள மாவு இருக்கும். காலையில் வாயில் போடும் சூயிங்கம், இருமல் டானிக், சர்க்கரை பூசிய மாத்திரை, ஏன், கோயிலில் கொடுத்த ஒரு துண்டு கல்கண்டுகூட வேலையைக் கெடுக்கும். ஆஸ்பத்திரியில் சும்மா ஏற்றும் டெக்ஸ்ட்ரோஸ் சலைனும் அப்படித்தான். உள்நோயாளியாக இருந்து ஸ்கேனுக்குப் போகிறவர்களுக்கு இப்படி ஆகிவிடுவது உண்டு.

சாப்பிட்டதையெல்லாம் நேரத்தோடு ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். படம் குழப்பமாக வந்தால் மருத்துவர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். சைவம் என்றால் நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய் இவற்றை வைத்து என்ன சாப்பிடலாம் என்று மையத்திலேயே பட்டியல் வாங்கிக்கொள்ளுங்கள். பருப்பு, தயிர் இரண்டும் சைவக்காரர்கள் தவறுவதற்கு வழக்கமான இடம். சர்க்கரை நோயாளி என்றால் இன்சுலின் அளவை மருத்துவரிடம் மாற்றி வாங்காமல் இந்தப் பட்டினியைத் தொடங்காதீர்கள்.

நோய் உறுதியானால் ஸ்டீராய்டு தொடங்குவார்கள். சில மாதம் கழித்து இன்னொரு பெட் எடுத்து, திட்டு அணைந்ததா என்று பார்த்து அளவைக் குறைப்பார்கள். எம்.ஆர்.ஐ. தழும்பைக் காட்டும், மருந்து வேலை செய்கிறதா என்பதைப் பெட் காட்டும். அதனால்தான் இரண்டையும் கேட்கிறார்கள்.

இரண்டு ஸ்டென்ட் இருக்கிறது. முழங்காலும் மாற்றியிருக்கிறேன். இதய எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?
– வாசகி, புதுவயல்

எடுக்கலாம். இன்றைய ஸ்டென்ட்டுகள் காந்தத்தில் நகராது. வைத்த மறுநாளே எடுப்பதிலும் தடையில்லை. முழங்கால் மூட்டும் பிரச்சினையில்லை. பேஸ்மேக்கர் போன்ற கருவி உடலில் இருந்தால் முதலிலேயே சொல்லி, அதன் அட்டையைக் காட்ட வேண்டும். நம் வீட்டுப் பெண்களிடம் எங்களுக்கு எப்போதும் இருக்கும் கவலை வேறு: தாலிச் சங்கிலியில் கோத்து வைக்கும் சேஃப்டி பின். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, பின்னை இழுக்கும். சங்கிலியை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வெறும் மஞ்சள் கயிறோடு வாருங்கள். பத்துப் பதினைந்து நொடி மூச்சைப் பிடிப்பதை நாலு நாள் வீட்டில் பழகிக்கொள்ளுங்கள். ஒரு ஸ்கேனில் இருபது, முப்பது தடவை பிடிக்க வேண்டியிருக்கும்.

எனக்கு 62. நெஞ்சு வலி எப்போதாவது வரும். சி.டி. ஆஞ்சியோவுக்குப் போனேன். முதலில் சுண்ணாம்பு ஸ்கோர் எடுத்தார்கள், 640 வந்தது. உடனே சி.டி. ஆஞ்சியோ வேண்டாம், வேறு பரிசோதனை என்று அனுப்பிவிட்டார்கள். பணம் பிடுங்குகிறார்களா?
– வாசகர், திருப்பத்தூர்

இல்லை, மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். 1990-ல் அகட்ஸ்டன் என்ற மருத்துவர் வகுத்த கணக்கு இது: குழாய்ச் சுவரில் படிந்த சுண்ணாம்பின் பரப்பையும் அடர்த்தியையும் பெருக்கிக் கூட்டுவது. பூச்சியம் நல்லது, 100-க்கு மேல் கவனிக்க வேண்டியது, 400-ஐத் தாண்டினால் படிவு மிக அதிகம். சி.டி.யில் சுண்ணாம்பு உண்மையில் இருப்பதைவிடப் பெரிதாக மலர்ந்து தெரியும். குழாய்க்குள் இருக்கும் அடைப்பு உண்மையைவிடப் பெரிதாகத் தோன்றலாம். அதை நம்பி ஆஞ்சியோ மேசைக்கு ஏற்றுவதைவிட, அந்த அடைப்பால் தசைக்கு ரத்தம் குறைகிறதா என்று ரத்த ஓட்ட ஸ்கேனில் பார்ப்பது சரி.

ஒன்று கவனியுங்கள். மூன்று முக்கியக் குழாயும் சம அளவில் அடைத்திருந்தால் தாலியம் ஸ்கேன் ஏமாற வாய்ப்பு உண்டு. அது ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறது. எல்லா இடமும் ஒரே மாதிரி குறைந்தால் குறைவே தெரியாது. உங்கள் ஸ்கோருக்கு, படத்தில் குறை இல்லை என்று வந்தாலும், வேலை கொடுத்தபோது பம்பிங் இறங்கியதா, இதயம் பெரிதாகத் தெரிந்ததா என்ற வரிகளை ரிப்போர்ட்டில் தேடிப் பாருங்கள். ரத்த ஓட்டத்தை மில்லிலிட்டரிலேயே அளக்கும் அம்மோனியா பெட் போன்றவற்றில் இந்தச் சிக்கல் குறைவு.

ஸ்கோரைக் குறைக்க மருந்து கேட்காதீர்கள். கொழுப்பு மாத்திரை சாப்பிடச் சாப்பிட ஸ்கோர் கூடவும் செய்யும்; மெத்தென்ற ஆபத்தான படிவு கெட்டிப்படுவதும் அதற்கு ஒரு காரணம். வருடா வருடம் திரும்ப எடுப்பதில் பயனில்லை.

சி.டி. ஆஞ்சியோவுக்கே போகிற மற்றவர்களுக்கு: நாடித்துடிப்பு 60 பக்கம் இறங்க, ஒரு மணி நேரம் முன்பு 50 முதல் 100 மில்லிகிராம் மெட்டோப்ரோலால் கொடுப்பார்கள். ஆஸ்துமா இழுப்பு இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும். குழாயை விரிக்க நாக்கின் அடியில் நைட்ரோகிளிசரின் வைப்பார்கள். ஆண்மைக்கென்று சில்டெனாஃபில் ஒரு நாளுக்குள், தடாலாஃபில் இரண்டு நாளுக்குள் சாப்பிட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து ரத்த அழுத்தத்தைப் பாதாளத்துக்குத் தள்ளிவிடும். மனைவி பக்கத்தில் நிற்கிறார் என்று மறைக்காதீர்கள், டெக்னீஷியனிடம் தனியாகச் சொல்லுங்கள். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சாய மருந்து கூடாது என்பது பழைய தவறான நம்பிக்கை. முன்பு சாய மருந்துக்கே தடிப்போ மூச்சிரைப்போ வந்திருந்தால்தான் கவலை.

அப்பாவுக்கு 78. கால் வீக்கம், மூச்சு வாங்குகிறது. பம்பிங் நன்றாக இருக்கிறதாம், சுவர்தான் 16 மில்லிமீட்டர் தடித்திருக்கிறதாம். இரண்டு கையும் மரத்துப் போய் எட்டு வருடத்துக்கு முன்பே ஆபரேஷன் செய்தோம். இப்போது எலும்பு ஸ்கேன் மருந்தை இதயத்துக்குப் போட்டுப் பார்க்க வேண்டும், அதற்கு முன் ரத்தம், சிறுநீர் கொடுங்கள் என்கிறார்கள்.
– வாசகர், பள்ளத்தூர்

உங்கள் மருத்துவர் சரியான நூலைப் பிடித்திருக்கிறார். ரத்த அழுத்தத்தால் சுவர் தடித்தால் ஈ.சி.ஜி.யில் அலைகள் உயரமாக இருக்கும். சுவர் 12 மில்லிமீட்டருக்கு மேல் தடித்தும் அலைகள் குட்டையாக இருந்தால், தடித்திருப்பது தசை அல்ல, நடுவில் வேறு ஏதோ படிந்திருக்கிறது என்று சந்தேகம் வர வேண்டும். இரண்டு மணிக்கட்டிலும் நரம்பு நெரிபட்டது, பல வருடமாகச் சாப்பிட்ட பிரஷர் மாத்திரை திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் தலைசுற்றுவது, இரண்டும் இதற்கு அடையாளம். படிந்திருப்பது டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதமாக இருக்கலாம், அமிலாய்ட் என்பார்கள்.

பைரோபாஸ்பேட் என்பது எலும்பில் ஒட்டும் மருந்து. இந்த வகை அமிலாய்டிலும் ஒட்டிக்கொள்கிறது. ஊசி போட்டு ஒரு மணி நேரத்திலோ மூன்று மணி நேரத்திலோ படம். விலா எலும்போடு இதயத்தை ஒப்பிட்டு 0 முதல் 3 வரை மதிப்பெண்: எலும்புக்குச் சமம் என்றால் 2, எலும்பை மிஞ்சினால் 3. ஒரு மணி நேரப் படத்தில் இதயத்துக்கும் மார்பின் மறுபக்கத்துக்கும் உள்ள விகிதம் 1.5-ஐத் தொட்டால் அதையும் சேர்த்துக்கொள்வார்கள். தட்டையான படம் மட்டும் போதாது. சுற்றி எடுக்கும் ஸ்பெக்ட் படமும் வேண்டும். மருந்து தசையில் இல்லாமல் இதய அறைக்குள் ரத்தத்தில் தேங்கி நின்றாலும் தட்டைப் படத்தில் இதயம் மின்னும்.

ரத்தமும் சிறுநீரும் எதற்கு? எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் லைட் செயின் என்ற இன்னொரு வகை அமிலாய்ட் இருக்கிறது. அது அவசர நோய்; கீமோ சிகிச்சை வாரக் கணக்கில் தாமதமானாலே ஆபத்து. சில சமயம் அதுவும் இந்த ஸ்கேனில் லேசாக மின்னி ஏமாற்றும். அதனால் ரத்தத்தில் ஃப்ரீ லைட் செயின், ரத்தம் சிறுநீர் இரண்டிலும் இம்யூனோஃபிக்ஸேஷன், மூன்றும் பார்க்க வேண்டும். வெறும் எலக்ட்ரோபோரெசிஸ் மட்டும் எடுத்துவிட்டு ‘எல்லாம் நார்மல்’ என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மூன்றும் சுத்தமாக இருந்து ஸ்கேன் 2 அல்லது 3 என்று வந்தால், இதயத்திலிருந்து சதை எடுத்துப் பார்க்காமலே நோயை உறுதி செய்யலாம். டஃபமிடிஸ் போன்ற மருந்து புதிதாகப் படிவதைத் தாமதப்படுத்தும், படிந்ததைக் கரைக்காது. விலையும் அதிகம். அதனால்தான் நோயைச் சீக்கிரம் பிடிப்பதில் இவ்வளவு அக்கறை. அடுத்து மரபணுப் பரிசோதனை கேட்பார்கள். அது உங்களுக்கும் உங்கள் உடன்பிறந்தவர்களுக்கும் சேர்த்துத்தான்.

திங்கட்கிழமை எனக்குத் தாலியம் ஸ்கேன். வியாழன் திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு மகள் வீட்டுக்குப் போகிறேன். ஏர்போர்ட்டில் பிடிப்பார்களா? பேரப் பிள்ளையைத் தூக்கலாமா?
– வாசகி, கோட்டையூர்

என்ன மருந்து ஏற்றினார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள், எல்லாம் அதில்தான் இருக்கிறது. டெக்னீஷியம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியாகும். ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்கு, மூன்று நாளில் நாலாயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. நிஜமான தாலியம் 201 என்றால் பாதியாகவே மூன்று நாள் ஆகும். விமான நிலையங்களில் கதிர்வீச்சைத் தேடும் கருவி சில வாரம் கழித்தும் கத்தலாம். எதுவானாலும் மருந்தின் பெயர், அளவு, தேதி, மருத்துவமனைத் தொலைபேசி எண் போட்ட ஒரு கடிதத்தை ஆங்கிலத்தில் வாங்கிப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பேரப் பிள்ளையைப் பார்க்கும்போது வியாழன் ஆகிவிடும். டெக்னீஷியமாக இருந்தால் தாராளமாகத் தூக்கலாம். ஸ்கேன் நாளன்று மட்டும் வீட்டில் கைக்குழந்தையையோ கர்ப்பிணியையோ மடியிலும் பக்கத்திலும் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்காராதீர்கள். நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழியுங்கள். தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்கி வைக்கத் தேவையில்லை.

மார்பகப் புற்றுநோய்க்கு ட்ராஸ்டுசுமாப் ஊசி போகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு எக்கோ. ஒரு தடவை 62, அடுத்த தடவை 55 என்று வந்தால் இதயம் கெட்டுவிட்டதா?
– வாசகி, கண்டனூர்

அவ்வளவு வித்தியாசம் சாதாரண எக்கோவில் அளப்பவரின் கை மாறினாலே வரும். பம்பிங் 10 புள்ளி இறங்கி 50-க்கும் கீழே போனால் கவலை. அதற்கு முன்பே எச்சரிப்பது ஸ்ட்ரெய்ன் என்ற அளவு, இதயத் தசை எவ்வளவு சுருங்குகிறது என்று எக்கோவிலேயே அளப்பது. முதல் எக்கோவில் இருந்ததைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் இதய மருந்து தொடங்கலாமா என்று யோசிப்பார்கள். அதனால் ஊசி தொடங்கும் முன் எடுத்த முதல் எக்கோவில் ஸ்ட்ரெய்ன் இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அதே இடம், அதே இயந்திரம். ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஒவ்வொரு மருத்துவமனையிலும் பழைய ரிப்போர்ட்டைப் பார்க்காமல் புதிதாக எடுக்கச் சொல்கிறார்களே?
– வாசகர், பொன்னமராவதி

பார்க்க மாட்டேன் என்று சொல்வதில்லை, பார்க்கிற மாதிரி கொண்டுபோவதில்லை. ஃபிலிமை ஜன்னலில் பிடித்து போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதிலிருந்து எதையும் அளக்க முடியாது. தாலியம் ஸ்கேனின் வட்டமான கலர் படம், மென்பொருள் போட்ட சாயம். வேறு மென்பொருளில் வேறு நிறம் வரும். கேட்டு வாங்க வேண்டியது, டைகாம் என்ற மருத்துவப் பட வடிவில் உள்ள குறுந்தகடு அல்லது பென்டிரைவ். பெட் என்றால் அதோடு எடுத்த சி.டி. ஸ்கேன் பகுதியும், அதை வைத்துக் கம்ப்யூட்டர் ‘திருத்தம் செய்யாத’ படமும் சேர்த்து. செயற்கை வால்வைச் சுற்றிக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும்போது உலோகத்தின் காரணமாகத் திருத்திய படத்தில் பொய் வெளிச்சம் விழும், திருத்தாத படத்தில் விழாது. எக்கோ என்றால் ஓடும் வீடியோ. ஆஞ்சியோவும் அப்படியே.

வாங்கியதும் அந்தக் கவுன்ட்டரிலேயே கம்ப்யூட்டரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள். காலிக் குறுந்தகட்டோடு பொன்னமராவதிக்கு வந்து சேருகிறவர்கள் நிறையப் பேர்.